ஐம்பதாம் நம்பர் காற்சட்டை

2023 செப்டெம்பர் 4, திங்கள். ஒபர்ஹவுசன்

இன்று ஐந்து கிழவன்களுக்கும் அளவெடுத்தேன்.

கிழவன்கள் என்று எழுதுவது இந்த டயரியில் மட்டும்தான். வெளியில் அவர்கள் 'ஐசன்ஃபோர்ட்டெ'. நாற்பத்தைந்து வருடமாக ஜெர்மனியின் காதைக் கிழித்துக்கொண்டிருக்கும் ஹெவி மெட்டல் இசைக்குழு. பேரைத் தமிழில் சொன்னால் இரும்புப் படலை. கோயிலில் யாராவது "என்ன வேலை செய்யிறியள் தவமலர்?" என்று கேட்டால் "இரும்புப் படலையில தையல் வேலை" என்பேன். ஏதோ கேற் செய்கிற ஃபக்டரி என்று நினைத்துக்கொள்வார்கள். நான் திருத்துவதில்லை. ஐம்பத்தைந்து வயது விதவை ஐந்து ஆம்பிளைகளுக்கு லெதர் காற்சட்டை தைக்கிறாள் என்று தெரிந்தால் பொங்கல் பூசையே நின்றுவிடும்.

இருபத்திநாலு வருடத்தில் நான் கண்டுபிடித்த தொழில் இரகசியம் ஒன்று உண்டு. அவர்களுக்கு டேப் காட்டக்கூடாது. டேப்பில் நம்பர் இருக்கிறது. நான் நூலால் அளக்கிறேன். இடுப்பைச் சுற்றி வெள்ளை நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு டேப்பில் வைத்துப் பார்ப்பேன். பிறகு காற்சட்டையின் இரண்டு பக்கமும் ஒரு துண்டு லெதர் கூட்டுவேன். தையல் தெரியாமல் இருக்க அதன்மேல் வெள்ளிக் குமிழ்கள் அடிப்பேன். ஒரு வருடம் ஒரு சஞ்சிகைக்காரன், அந்தக் கறுப்புப் பட்டை வருடாவருடம் அகலமாவது மனிதனுக்குள் வளரும் இருளைக் குறிக்கிறது என்று எழுதினான். வளர்ந்தது பியர் வயிறு.

உட்பக்கத்தில் சின்ன வெள்ளைத் துணியில் ஜெர்மன் கடை அளவு நம்பர் தைத்திருக்கும்; 50 என்றால் இடுப்பு எண்பத்தெட்டுச் சென்ரிமீற்றர். அதில் எப்போதும் 50தான். 2001இல் மன்னி முதன்முதலாகக் காற்சட்டை பூட்டுப்படாமல் நின்றபோது, பள்ளிக்கூடத்தில் தோற்ற பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தவா, நான் பெருத்திட்டனோ?" என்று கேட்டார். "சீ, லெதர் சுருங்கிப்போச்சு" என்றேன். பக்கத்துண்டு வைத்து, பழைய 50ஐயே திரும்பவும் தைத்துவிட்டேன். பிறகு மற்ற நாலு பேருக்கும் லெதர் சுருங்கத் தொடங்கியது. வீட்டில் போடுகிற உடுப்பையும் என்னிடமே தருவார்கள். அதெல்லாவற்றுக்கும் 50. (என்னுடைய சேலைச் சட்டைகளுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் நான் என்னிடம் பொய் சொல்வது வேறு கதை.)

மன்னி யாரென்று எழுத மறந்துபோனேன். கிற்றார் வாசிப்பவர். அறுபத்தெட்டு வயது. மான்ஃப்ரெட் என்ற பேரை இந்த ஊரில் மன்னி என்று சுருக்குவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எல்லாரும் ஏன் இந்த மனுசனிடம் "மன்னி, மன்னி" என்று கெஞ்சுகிறார்கள், அப்படி என்ன குற்றம் செய்தார்கள் என்று யோசித்தேன்.

இன்னொன்று. இவர்கள் கதைப்பதெல்லாம் ஜெர்மன். என் டயரியில் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். ஜெர்மனில் எங்கள் குழுவுக்குள் எல்லாருக்கும் ஒரே 'நீ'. நான் எழுதும்போது பாட்டுக்காரன் ரோல்ஃபுக்கு 'நீ' போடுவேன். மன்னிக்கு 'நீங்கள்'. அவர் எனக்குச் சொல்வதை 'நீர்' என்று எழுதுவேன். ஏனென்று கேட்க டயரிக்கு வாயில்லை.

நூல்களை அளந்தாயிற்று. நாலு பேருக்கு வழமைபோல இரண்டு சென்ரிமீற்றர் கூட. மன்னிக்குப் போன வருடம் 102. இந்த முறை 96. நூல் வழுக்கியிருக்கும்.


செப்டெம்பர் 9, சனி

நூல் வழுக்கவில்லை. இன்று ஒத்திகையில் திரும்பவும் அளந்தேன். 96தான்.

மதியத்துக்கு மட்டன் ரோல்ஸ் கொண்டுபோயிருந்தேன். வழமையாக மன்னி ஐந்து சாப்பிட்டுவிட்டு, ஆறாவதை ரோல்ஃபின் தட்டிலிருந்து எடுப்பார். இன்று ஒன்றைப் பாதி கடித்துவிட்டு பேப்பரில் சுற்றி வைத்தார்.

"என்ன, உறைப்போ?"

"இல்லை தவா. பிறகு சாப்பிடுறன்."

அந்தாள் பிறகு சாப்பிட்டது சரித்திரத்தில் இல்லை. கையில் ஒரு பச்சைச் சாறு வேறு. அதை விளம்பர வேலை பார்க்கும் பிர்கிட்தான் கொடுத்திருக்கிறாள். பிர்கிட்டுக்கு ஐம்பது வயது, யோகா செய்கிறவள், இடுப்பு என் ஒரு தொடை அளவுக்குத்தான் இருக்கும்.

ஓகோ. கதை அப்படியா!

மன்னியை மனைவி விட்டுப்போய்ப் பதினாறு வருடம். ஒரு மனுசன் திடீரென்று மெலிகிறான் என்றால் ஒரே ஒரு காரணம்தான். கெட்டிக்காரி பிர்கிட். எனக்கென்ன! நான் தையல்காரி. பட்டை அகலமானால் என்ன, ஒடுங்கினால் என்ன, சம்பளம் ஒன்றுதான்.


செப்டெம்பர் 10, ஞாயிறு

மிஞ்சிய ரோல்ஸ் ஏழையும் நானே சாப்பிட்டேன்.


செப்டெம்பர் 22, வெள்ளி. ஹம்பேர்க்

சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி. பத்து ஊர். பத்தாவது எங்கள் ஊர்ப் பக்கம், டோட்மூண்டில் முடியும்.

மேடைக்குப் பின்னால் ஒரு கதிரை, ஊசி நூல் பெட்டி, காதில் கட்டிடத் தொழிலாளிகள் போடும் பெரிய கவசம். இதுதான் என் சிங்காசனம். இருபத்திநாலு வருடத்தில் ஒரு பாட்டும் முழுதாகக் கேட்டதில்லை. நிலம் அதிர்வதை வைத்து என்ன பாட்டு என்று சொல்லிவிடுவேன்.

நடுவில் மன்னி தனியே வாசிக்கும் ஒரு மெதுவான துண்டு வரும், நாலு நிமிடம். அப்போது கவசத்தைக் கழற்றுவது வழக்கம். காதுக்கும் காற்றுப் படவேண்டும்தானே.

இன்று அந்த நாலு நிமிடத்தையும் அந்தாள் கதிரையில் இருந்துகொண்டு வாசித்தார். ஒரு நாளும் இருந்து வாசித்ததில்லை. "நல்லாயிருந்துது, ஸ்ரைலாயிருந்துது" என்று பிர்கிட் கையடித்தாள். அவளுக்கு எல்லாம் ஸ்ரைல்தான்.


செப்டெம்பர் 28, வியாழன். லைப்சிக்

மன்னி காற்சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிடிக்காவிட்டால் விழுந்துவிடும்.

"தவா, லெதர் இழுபட்டுப்போச்சுப் போல."

நூலை எடுத்தேன். 92.

"ஓம், இழுபட்டுத்தான் போச்சு" என்றேன். இருபத்திரண்டு வருடமாகச் சுருங்கிய லெதர் இன்று இழுபடத் தொடங்கிவிட்டது. லெதரில் ஒருமுறை ஊசி போன ஓட்டை மூடாது. எந்தப் பிழையையும் பிரித்துத் திரும்பத் தைக்கமுடியாது. அதனால் பட்டையின் நடுவில் வெட்டி ஒடுக்கினேன். இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அவர் எதிரில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"உமக்குக் களைக்கேல்லையோ?" என்றார்.

"களைப்பு உங்களுக்குத்தான். முகம் காகிதம் மாதிரிக் கிடக்கு."

"வயசு போகுது தவா."

"வயசு போற ஆக்கள் பச்சைச் சாறு குடிக்கிறேல்லை. புது வாழ்க்கை தொடங்கிற ஆக்கள்தான் குடிக்கிறவை."

விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். நல்ல நடிகர். நான் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே.

பின்னேரம் மகள் நிரோஜினி ஸ்ருட்காட்டிலிருந்து போன் எடுத்தாள். அரை மணித்தியாலம் பிர்கிட்டைப் பற்றிச் சொன்னேன். அவள் தண்ணீர் குடிக்கும் விதம், அவள் சப்பாத்து, எல்லாம்.

"அம்மா, உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்?"

"எனக்கென்ன கோபம்? மெலிஞ்சா உடுப்பு ஆர் தைக்கிறது?"

"ம்ம்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் 'ம்ம்' என்பதிலேயே ஒரு கட்டுரை எழுதிவிடுவார்கள்.


அக்டோபர் 13, வெள்ளி. நூர்ன்பேர்க்

காலை பிர்கிட்டோடு ஒரே மேசையில் இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டி வந்தது. அவளே வாயைத் திறந்தாள்: "தவா, மன்னிக்கு என்ன? ஒண்டும் சாப்பிடுறானில்லை. வயித்துக்கு ஒத்துக்கொள்ளேல்லை எண்டான், அதுதான் சாறெண்டாலும் குடிக்கட்டும் எண்டு குடுக்கிறன். உன்னைக் கேட்டால் தெரியும் எண்டு நினைச்சன்." பிறகு தன் ஆளின் படத்தைக் காட்டினாள். சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம். தாடி.

நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன். அது எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

பகல் பன்னிரண்டு மணிக்கு மன்னி உடுப்பறைக்கு வந்தார். புது ஜீன்ஸ். ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

"பாரும் தவா! கடையில வாங்கினது. உமக்கு வேலையில்லை. அந்தப் பெடிச்சி அறுபத்தெட்டு வயசுக்காரனுக்கு எண்டு பெரிய அளவாக் கொண்டுவந்தாள். நான் சொன்னன், பிள்ளை, எனக்கு எண்பத்தேழாம் ஆண்டிலயிருந்து ஐம்பதுதான் எண்டு. போட்டன். அப்பிடியே பொருந்திச்சு!"

ஊசி விரலில் ஏறிவிட்டது.

மனுசனுக்குத் தெரியாது. தான் மெலிந்ததே தெரியாது. தன் அளவு எப்போதும் 50 என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டிலுள்ள ஒவ்வொரு காற்சட்டையும் அப்படித்தான் சொல்கிறது. அப்படிச் சொல்ல வைத்தவள் நான்.

பிர்கிட் என்று ஒரு விசயமே இல்லை. எவ்வளவு சந்தோசமான பொய்யாயிருந்தது அது!


அக்டோபர் 14, சனி. நூர்ன்பேர்க்

இன்று எழுதுவதைப் பகிடியாக எழுதமுடியுமோ தெரியாது. முயற்சி செய்கிறேன்.

மூன்று மணிக்கு மன்னியை உடுப்பறைக்குள் கூப்பிட்டுக் கதவைப் பூட்டினேன்.

"என்ன தவா, ஆரைப் பற்றிப் புதுக் கதை?" என்று ஆவலாக இருந்தார். என்னிடம் கதவு பூட்டினால் வம்பு என்று அர்த்தம்.

"உங்களைப் பற்றித்தான்."

சொன்னேன். 2001இலிருந்து எல்லாம். நூல், பட்டை, குமிழ், வெள்ளைத் துணி.

முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ஒவ்வொரு வருசமுமா?"

"ஒவ்வொரு வருசமும்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"ரோல்ஃபுக்கு எத்தினை?"

"அறுபது."

இந்த உலகத்தில் எந்த மருந்தும் ஒரு மனுசனுக்கு அவ்வளவு சந்தோசம் கொடுத்திருக்காது. கதிரையில் விழுந்து சிரித்தார். "அறுபதோ! அவன் என்னைப் பாத்து வயிறன் எண்டவன்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, எனக்கு எத்தினை?" என்றார்.

"போன வருசம் ஐம்பத்தாறு."

"ஆனா நேற்றுக் கடையில..."

அங்கேதான் நின்றார்.

பெட்டியிலிருந்து இரண்டு நூலையும் எடுத்து அவர் மடியில் வைத்தேன். போன வருடத்து நூல், காலை நான் எடுத்த நூல். ஒரு பக்க முடிச்சைச் சேர்த்துப் பிடித்தார். மற்றப் பக்கம் ஒன்று மற்றதைவிட அரைச் சாணுக்குமேல் நீண்டு தொங்கியது. பெரிய விரல்கள். நாற்பத்தைந்து வருடம் கம்பி இழுத்துத் தோல் தடித்த விரல்கள். அந்த மிஞ்சிய துண்டைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

"மன்னி" என்றேன். ஜெர்மனில் அது அவர் பேர். நான் எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும்.

நூலைச் சுருட்டி மடியில் வைத்துவிட்டு, "ரத்தம் போகுது தவா" என்றார். "கோடையிலயிருந்து. மூலமாக்கும் எண்டு விட்டிட்டன். உடம்பு அப்பிடியேதானே இருக்கு, பெரிய வருத்தமெண்டால் மெலிஞ்சிருப்பன்தானே எண்டு நினைச்சன்."

எனக்குக் காது அடைத்துவிட்டது. கவசம் போடாமலே.

"இண்டைக்கே டொக்டரிட்டப் போவம்."

"இன்னும் ஆறு கச்சேரி கிடக்கு. டோட்மூண்ட் முடியட்டும். ஒரு மாசம்தானே. நீர் இதைக் கொஞ்சம் ஒடுக்கித் தாரும், ஒருத்தருக்கும் தெரியவேண்டாம்."

"ஒடுக்கமாட்டன்."

"தவா..."

"நீங்கள் பெருத்துக்கொண்டு போகேக்க நான் பொய் சொன்னன். அது சாப்பிட்டுப் பெருத்தது. இதுக்குப் பொய் சொல்லமாட்டன்."

"அப்ப நானே இடுப்பில ஊசி குத்திப் பிடிச்சுக்கொண்டு மேடை ஏறுவன்."

அப்போதுதான் அதைச் செய்தேன். மேசையில் கிடந்த காற்சட்டையை எடுத்து, பெரிய கத்தரிக்கோலால் இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் வெட்டினேன். மற்றக் காலையும் வெட்டினேன். குமிழ்கள் தெறித்து நிலமெல்லாம் உருண்டன. சுற்றுப்பயணத்துக்கு அவரிடம் இருந்தது அந்த ஒன்றுதான். லெதர் திரும்பப் பொருந்தாது என்று அவருக்கும் தெரியும், இருபத்திநாலு வருடம் என் எதிரில் இருந்து பார்த்தவர்தானே.

ஏசுவார் என்று நினைத்தேன். குனிந்து ஒவ்வொரு குமிழாகப் பொறுக்கத் தொடங்கினார். நானும் குனிந்தேன். இரண்டு கிழடுகளும் நிலத்தில் தவழ்ந்துகொண்டிருந்தோம். யாராவது கதவைத் திறந்திருந்தால் என் பேர் நாறியிருக்கும். நல்லவேளை, பூட்டியிருந்தது.

"இண்டைக்கு மட்டும் வாசிக்கவிடும்" என்றார், குமிழ்களை என் உள்ளங்கையில் கொட்டி. "நாளைக்கு நீர் சொல்லுற இடத்துக்கு வாறன். நீரும் வருவீரோ?"

"பின்னே ஆர் வருவினம்? பிர்கிட்டோ?"

"பிர்கிட் ஏன்?" என்றார். விட்டுவிட்டேன்.

பிறகு ரோல்ஃபையும் மற்றவர்களையும் கூப்பிட்டுத் தானே சொன்னார். ரோல்ஃப் அவர் தலையைப் பிடித்துத் தன் நெற்றியோடு முட்டிக்கொண்டு நின்றான். அந்த எருமைக்கும் இதயம் இருக்கிறது.

இன்று ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நாற்பத்தைந்து வருடத்தில் முதல்தடவை. முன்வரிசையில் ஒரு தாடிக்காரன் வாயைப் பிளந்தபடி நின்றான், சாமி வேட்டியில்லாமல் வீதியுலா வந்ததுபோல.

நான் கவசம் போடவில்லை. முழுவதும் கேட்டேன். அப்பாடா, என்ன சத்தம்!


அக்டோபர் 17, செவ்வாய். ஒபர்ஹவுசன்

பெருங்குடலில் கட்டி. அடுத்த செவ்வாய் வெட்டுகிறார்கள். அடுத்த ஐந்து கச்சேரியும் நிறுத்தம்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கேட்டாள், நீங்கள் அவருக்கு என்ன முறை என்று. "தையல்காரி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஒன்றும் எழுதாமல் உள்ளே விட்டாள்.


அக்டோபர் 24, செவ்வாய்

காலை எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டு மணி வரை ஏழு பொத்தான் தைத்தேன். ஏழையும் பிரித்தேன்.

ஒரு மணிக்கு டொக்டர் வந்தார். சின்னப் பெடியன், என் மகள் வயது. கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, ஈரலில் ஒன்றும் இல்லை, பக்கத்தில் இரண்டு நிணநீர்க் கணுவில் கொஞ்சம் பரவியிருக்கிறது, அரை வருடம் மருந்து ஏற்றவேண்டும் என்றார். "இன்னும் ஆறு கிழமை பிந்தியிருந்தால் வேற கதை கதைச்சிருப்பம்" என்றும் சொன்னார்.

கைகழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். கண்ணாடியில் பார்த்தால் சகிக்காத கோலம். ஐம்பத்தைந்து வயதில் அழுதால் மூக்குத்தான் முதலில் சிவக்கிறது.


அக்டோபர் 27, வெள்ளி

ரோல்ஃப் ஆஸ்பத்திரி வாசலில் என்னை மறித்தான்.

"தவா, என்ர கண்ணைப் பாத்துச் சொல்லு. எனக்கு எத்தினை?"

"ஐம்பது."

"மன்னி அறுபது எண்டு சொல்லுறான்."

"மயக்க மருந்து குடுத்த ஆக்கள் அப்பிடித்தான் உளறுவினம்."

அவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திருப்தியாகப் போனான். எல்லாரையும் ஒரே நாளில் திருத்தமுடியாது.


நவம்பர் 3, வெள்ளி

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். மன்னியின் வீடு நாலாம் மாடி, லிஃப்ற் இல்லை. வயிற்றில் இருபது தையல் உள்ள மனுசனை அங்கே ஏற்றமுடியுமா? என் வீடு நிலமட்டம். நிரோஜினியின் அறை சும்மா கிடக்கிறது. வேறு ஒரு காரணமும் இல்லை.

தையலைப் பார்த்தேன். டொக்டர் பெடியன் நல்லாய்த்தான் தைத்திருக்கிறான். ஆனால் நான் தைத்திருந்தால் இன்னும் நேராயிருந்திருக்கும். சொன்னேன். "சிரிக்க வையாதையும், நோகுது" என்றார்.


நவம்பர் 8, புதன்

கஞ்சிக்குள் ஒளித்துக் கொஞ்சம் ஊறுகாய் கேட்கிறார். நல்ல அறிகுறி. கொடுக்கவில்லை.

கோயில் தலைவரின் மனைவி எங்கள் வீதியால் இரண்டுதரம் நடந்தாவாம். அவவுக்கும் பொழுது போகவேண்டும்தானே.


நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. விடிய எழும்பி எண்ணெய் வைத்துத் தலை முழுகினேன். கொஞ்சமாய்ப் பயற்றம் பணியாரம் சுட்டேன். மன்னி அரைவாசி சாப்பிட்டார். சுற்றி வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மற்ற அரைவாசியும் கேட்டார். பிறகு சாய்கதிரையில் சாய்ந்து, கிற்றாரை மின்சாரத்தில் மாட்டாமல் மடியில் வைத்து, கேட்டும் கேட்காமலும் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கறிக்கு வெங்காயம் உரித்தேன். அப்படியே நித்திரையாகிப்போனார். கிற்றாரை மெல்ல எடுத்துச் சுவரில் சாத்தினேன்.

பதினொரு மணிக்கு நிரோஜினி எடுத்தாள்.

"அம்மா! தீபாவளி வாழ்த்துகள்!" அவளுக்குத் தொண்டை எப்போதும் ஒலிபெருக்கி.

"ஸ்ஸ்... மெல்லக் கதை பிள்ளை. இவர் இப்பதான் கண்ணயர்ந்தவர்."

அந்தப் பக்கம் ரீவியின் சத்தத்தை அவள் நிறுத்துவது கேட்டது.

"அம்மா" என்றாள் பிறகு, உண்மையாகவே மெல்ல. "அப்பாவை மட்டும்தான் நீங்கள் 'இவர்' எண்டு சொல்லுறனீங்கள்."

"என்ன? என்ன சொல்லுறாய்? ஹலோ? ஹலோ? ஒண்டும் கேக்குதில்லை பிள்ளை, லைன் சரியில்லை" என்று போனை வைத்தேன்.

லைனில் ஒரு பிழையும் இல்லை. மணி மாதிரிக் கேட்டது.